மூன்றாவது மிதி

உண்ணாமலையின் தொடைத் தசையைக் கிழித்தவள் நான். விடுதிச் சமையற்காரி மாதம்மாள் அல்ல... நான்!

இதை இவ்வளவு நேராகச் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை. ஆகவே மீதியையும் சொல்கிறேன். ஆனால் ஓர் எச்சரிக்கை: என்னை உடனே நம்பிவிடாதீர்கள். நான் எதையும் வரிசைப்படுத்திச் சொல்லுகிறவள். வரிசையாகச் சொல்லப்படுவது எல்லாமே உண்மையைப் போலத் தோன்றும்.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் உடற்பயிற்சி ஆசிரியை. பிள்ளைகளுக்கு 'டிரில் டீச்சர்'. பயிற்சிக் கல்லூரியில் மற்றவர்கள் ஆட்டவிதிகளை மனப்பாடம் செய்தபோது நான் தசைகளைப் படித்தேன். ஒரு தசை இழுபட்டால் உள்ளே என்ன நடக்கிறது? நார்கள் அறுகின்றன, இரத்தம் கசிகிறது, வீங்குகிறது. அதற்கு என்ன செய்ய வேண்டும்? ஓய்வு. பனிக்கட்டி. இறுக்கமான கட்டு. காலை உயர்த்தி வைத்தல். என்ன செய்யக் கூடாது? சூடு வைக்கக் கூடாது, எண்ணெய் தேய்க்கக் கூடாது, உருவக் கூடாது. ஆறுகிற நாரை அழுத்தினால் மறுபடி அறும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஆனால் பள்ளியில் எவருக்கும் தெரியாத ஒன்று என்னிடம் இருந்தது. அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

என் ஊர் பென்னாகரத்துக்கு மேற்கே. அங்கே நான் 'காலால பொறந்த புள்ள'. தலை வரவேண்டிய இடத்தில் கால் முதலில் வந்தது, அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் அப்படிப் பிறந்தவர்களின் காலுக்கு ஒரு வேலை உண்டு. இடுப்புப் பிடித்தவன், மூட்டை தூக்கி முதுகு பிசகினவன், எல்லோரும் விடியற்காலையில் வாசலில் வந்து குப்புறப் படுப்பார்கள். நான் மூன்று முறை மிதிக்க வேண்டும். பல்கூடத் துலக்காமல்! எழுந்தவன் இடுப்பைத் திருப்பிப் பார்த்து, "போச்சு புள்ள!" என்பான். போனதா? சிலருக்குப் போயிருக்கும், தானாகவே. போகாதவன் எவனும் திரும்ப வந்து சொன்னதில்லை.

அந்தக் காலிலிருந்து தப்பித்து ஓடித்தான் நான் படித்தேன் என்று சொல்லலாம். வகுப்பில் பேராசிரியர் இந்த வழக்கத்தைச் சொல்லிச் சிரித்தபோது நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடச் சற்று உரக்கவே சிரித்தேன்.

உண்ணாமலை சித்தேரி மலைப் பெண். விடுதியில் தங்கிப் பத்தாம் வகுப்பு படித்தாள். அவள் நானூறு மீட்டர் ஓடுவதைப் பார்க்க வேண்டும் நீங்கள்! கடைசி வளைவில் மற்றவர்கள் மூச்சுக்கு அலைகையில் இவள் அப்போதுதான் ஓடவே தொடங்கியவள் போலிருப்பாள். பட்டணத்து விளையாட்டு விடுதிக்கு தருமபுரியில் ஆளெடுக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. தேர்வானால் அங்கேயே படிப்பு, சாப்பாடு, பயிற்சி. தேர்வாகாவிட்டால் அந்தக் கோடையிலேயே மாமன் மகனோடு கல்யாணம். அவள் அப்பா என்னிடமே சொல்லியிருந்தார்: "எடுத்தாங்கன்னா படிக்கட்டுங்க. எடுக்கலன்னா எங்களுக்கும் நாலு கை வேணுமில்லீங்களா?"

அந்த நேரத்தில்தான், ஆளெடுப்புக்கு இரண்டு வாரம் இருக்கையில், பள்ளிக்கு விருந்தினர்கள் வந்தார்கள். தலைமையாசிரியை வகுப்பில் உட்கார்ந்திருந்த உண்ணாமலையை அப்படியே மைதானத்துக்கு அழைத்துவந்தார்.

"எங்க மலைக்குதிரைய ஓடவிட்டுக் காட்டுங்க டீச்சர்."

குளிர்காலக் காலை. சூடேறாத தசை காய்ந்த கயிறு. முதலில் மெதுவோட்டம், பிறகு கால் வீச்சு, பிறகு நீட்டி மடக்குதல், அதன்பின்தான் வேகம். தினமும் நானே விசிலடித்துச் செய்யவைக்கிற வரிசை இது. 'பத்து நிமிடம் கொடுங்கள்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். விருந்தினர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

நேர்ப்பாதை முடியும் முன்பே உண்ணாமலை தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

இதற்கெல்லாம் நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தேகப்பட்டேன்!

முதலில் அவளைச் சந்தேகித்தேன். மலையில் சாமை அறுப்பு முடிந்து ஏதோ விசேஷம். ஊருக்குப் போக அனுமதி கேட்டிருந்தாள், நான் மறுத்திருந்தேன். இது நாடகமாக இருக்குமோ? அவள் தனியாக நடக்கும்போது நொண்டுகிறாளா என்று விளையாட்டுச் சாமான் அறையின் சன்னல் இடுக்கில் நின்று பார்த்தேன். நொண்டினாள். அப்போதும் நம்பவில்லை. மறுநாள் அவள் தண்ணீர்க் குழாயடியில் நின்றபோது பின்னாலிருந்து "பாம்பு!" என்று கத்தினேன்.

துள்ளினாள். துள்ளிய காலோடு அப்படியே மடங்கி விழுந்தாள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, "எந்தப் பாம்புங்க டீச்சர்? சாரையா, நல்லதா?" என்று கேட்டாள்.

"போயிடுச்சு."

"சாரைன்னா ஒண்ணும் பண்ணாதுங்க. நீங்க பயப்படாதீங்க."

எனக்குத் தைரியம் சொன்னாள்! நான் அவளைக் கைகொடுத்துத் தூக்கினேன். இனி ஒழுங்காக வைத்தியம் செய்வது என்று முடிவு செய்தேன்.

பனிக்கட்டிக்கு எங்கே போவது? பள்ளி இருந்த ஊரில் அது சோடாக்கடை பாயிடம்தான் கிடைக்கும். தருமபுரியிலிருந்து பஸ்ஸில், மரத்தூள் போட்ட சாக்கில் வரும்.

"என்ன டீச்சர், வூட்ல விசேஷமா?" என்றார் பாய்.

"இல்லைங்க பாய். ஒரு பிள்ளைக்குக் கால்ல அடி. அதுக்கு வைக்க."

"காலுக்கு ஐஸா! எங்கிட்ட கலருக்கு வாங்குவாங்க, பொணத்துக்கு வாங்குவாங்க. காலுக்குக் கேட்ட மொத ஆளு நீங்கதான்." ஆனாலும் நல்ல துண்டாகப் பார்த்து உடைத்துக் கொடுத்தார்.

துணியில் சுற்றி வைத்தேன். கிரேப் பேண்டேஜ் கட்டினேன். இரண்டு தலையணை மேல் காலைத் தூக்கி வைத்தேன். வீக்கம் வடியத் தொடங்கியது. ஆனால் தசைக்கு என் அவசரம் தெரியுமா? மூன்று வாரம் கேட்கிற புண் அது. என்னிடம் இருந்ததோ இரண்டு வாரம். நாள் நகர நகர, வலி ஏன் முழுதாகப் போகவில்லை என்ற கேள்வி என்னைக் குடைந்தது. பாடத்தில் இருப்பதை எல்லாம் செய்கிறேன், பின் ஏன்? யாரோ என் வைத்தியத்தைக் கெடுக்கிறார்கள்!

யார்? விடுதியில் எண்ணெய்ச் சட்டி யார் கையில் இருக்கிறது?

மாதம்மாள் நாற்பது வயதுக்காரி, புருஷன் இல்லாதவள், வாய்த்துடுக்கு அதிகம். விடுதியில் எல்லோரும் ஆயா என்பார்கள். நான் பனிக்கட்டி கொண்டுபோன முதல் நாளே, "சூடு காட்ட வேண்டிய காலுக்குப் போயி ஜில்லுனு வெக்கறீங்களே!" என்று சொன்னவள். அது போதாதா எனக்கு? அன்றிலிருந்து தினமும் காலையில் உண்ணாமலையின் கட்டை அவிழ்த்து, எண்ணெய் வாசனை வருகிறதா என்று முகர்ந்து பார்த்தேன். வரவில்லை. வராததுகூட எனக்குச் சந்தேகமாகவே பட்டது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார்களோ?

மாதம்மாள் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டாள். "டீச்சரு மோந்து பாக்கறதப் பாத்தா, கையில இருக்கறது பேண்டேஜா கருவாடான்னு தெரியலையே!" என்றாள். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். உண்ணாமலையும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக நான் சந்தேகித்தது என் படிப்பை. இதைச் சொல்லத்தான் அதிகம் கூசுகிறது. ஆளெடுப்புக்குச் சில நாட்களே இருந்தன. அவள் நடக்கிறாள், மெதுவாக ஓடவும் செய்கிறாள், வேகமெடுத்தால் மட்டும் பிடிக்கிறது. இந்தப் பனிக்கட்டியும் கட்டும் யாருக்காக எழுதப்பட்டவை? எங்கோ குளிர் தேசத்தில், மூன்று வாரம் படுத்திருந்தாலும் கல்யாணம் செய்து வைக்காத அப்பாக்கள் உள்ள பெண்களுக்காகவோ? வாசலில் குப்புறப் படுத்திருந்தவர்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன. "போச்சு புள்ள!" அத்தனை பேரும் பொய்யா சொல்லியிருப்பார்கள்?

யாரும் என்னைக் கெஞ்சவில்லை, யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரியாது. நானே செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். விடுதிப் பிள்ளைகள் துணி துவைக்கக் கிணற்றடிக்குப் போயிருந்தார்கள். உண்ணாமலையைச் சாமான் அறைக்கு வரச்சொன்னேன். உயரத்தாண்டலுக்குப் போடும் தேங்காய்நார் மெத்தையில் குப்புறப் படுக்கச் சொன்னேன். கட்டை அவிழ்த்தேன். என் கேன்வாஸ் ஷூவைக் கழற்றினேன். காலுறையையும் கழற்றினேன்.

அவள் தலையைத் திருப்பி என் வெறும் பாதத்தைப் பார்த்தாள். மலைப் பெண்ணுக்கு விளக்கம் தேவையில்லை.

"டீச்சர்... நீங்க காலால பொறந்தவங்களா?"

நான் கட்டுத் துணியைச் சுருட்டி ஓரமாக வைத்தேன்.

"எங்கூர்லயும் ஒருத்தரு இருக்காருங்க. ஆனா அவரு இடுப்புக்குத்தான மிதிப்பாரு?"

"இது வேற. இது புது வைத்தியம். பேசாமப் படு. யார்கிட்டயும் சொல்லாதே."

"சரிங்க டீச்சர்."

பாருங்கள், ஒரே மூச்சில் எத்தனை பொய்! அவள் சொன்னது சரி. எங்கள் ஊரில்கூடத் தொடையை மிதிக்கச் சொல்லி யாரும் வந்ததில்லை. நான் ஊர் வழக்கத்துக்கும் துரோகம் செய்தேன், படிப்புக்கும் துரோகம் செய்தேன்.

முதல் மிதி மெதுவாக. குதிகாலின் கீழே தசை நெகிழ்ந்து கொடுத்தது. "வலிக்குதா?" என்றேன். "கொஞ்சமுங்க." இரண்டாவது மிதியில் விரல்களால் மெத்தையின் நாரைப் பிய்த்தாள். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். உள்ளே எந்த நார் எப்படி ஒட்டியிருக்கிறது என்று படம் போட்டுக் காட்டத் தெரிந்தவள் நான்! ஆனால் வழக்கம் மூன்று. இரண்டோடு நிறுத்தினால் பலிக்காது என்று யாரோ என்னுள் சொன்னார்கள்.

மூன்றாவது மிதியில் என் முழு எடையையும் வைத்தேன். ஏன்? அந்தச் சிரிப்புக்காகவா? இதைத்தான் இத்தனை காலமாக என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வைத்தியம் என்று நம்பித்தான் மிதித்தேன் என்று சத்தியம் செய்ய என்னால் இன்னும் முடியவில்லை.

அவள் கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்தாள், அவ்வளவுதான். என் பாதத்தின் கீழே ஏதோ வழுக்கி விலகியதை உணர்ந்தேன்... இன்றும் உணர்கிறேன்.

மறுநாள் காலை தொடையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை கன்றிக் கறுத்திருந்தது. காலை ஊன்ற முடியவில்லை. தலைமையாசிரியையும் நானும் அவளைத் தருமபுரிக்கு டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் தொட்டுப் பார்த்ததும் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார்.

"ஆறிட்டு வந்ததை யாரோ முரட்டுத்தனமா அமுக்கியிருக்காங்க. இனி இந்தக் கால் வேகமா ஓடும்னு எதிர்பாக்காதீங்க. யாரு பண்ணது?"

உண்ணாமலை சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னேன்: "விடுதி ஆயா உருவியிருக்கலாம்னு எனக்குச் சந்தேகம் இருக்குதுங்க சார்."

கவனியுங்கள். உருவினாள் என்று நான் சொல்லவில்லை. சந்தேகம் என்றுதான் சொன்னேன். சந்தேகம் பொய்யாகாது, அல்லவா? எவ்வளவு வசதியான சொல்! அந்த ஒரு சொல்லை அங்கே வைத்துவிட்டு நான் கையைக் கட்டிக்கொண்டேன். மீதியை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று மாலையே விடுதிச் சமையலறையைச் சோதித்தார்கள். அடுப்பு மேடைக்குப் பின்னால் கொட்டாங்கச்சியில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த பற்று இருந்தது.

"அது என் முட்டிக்குங்க!" மாதம்மாள் சேலையைத் தூக்கி முழங்காலைக் காட்டினாள். மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது. "சோத்துக்கு உப்புப் போட எனக்கு நேரமில்ல. இதுல இவ கால உருவிக்கிட்டு உக்காந்திருப்பனா? ஏம்மா உண்ணாமல, நீயே சொல்லுடி! நான் உன்னத் தொட்டனா?"

"இல்லீங்க," என்றாள் உண்ணாமலை.

"பின்ன யாரு?" என்றார் தலைமையாசிரியை.

"யாரும் இல்லீங்க."

யாரும் இல்லாமல் தொடை கறுக்குமா? ஆகவே அவள் ஆயாவைக் காப்பாற்றப் பொய் சொல்லுகிறாள் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். என்னைக் காப்பாற்றியது ஆயாவின் மேல் பழியாக விழுந்தது. நான் அங்கேயே, அவர்களுக்கு நடுவில்தான் நின்றிருந்தேன். மாதம்மாள் என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சரு, நீங்கதான் தெனமும் மோந்து பாத்தீங்களே. என்னிக்காச்சும் எண்ணெ வாசன வந்துச்சா? சொல்லுங்க. நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா கேப்பாங்க."

என்னை நம்பித்தான் கேட்டாள்! ஒரு வார்த்தை போதும். 'வரவில்லை' என்று உண்மையைச் சொன்னாலே பாதி தப்பியிருப்பாள். நான் தரையைப் பார்த்தேன்.

அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். உண்ணாமலையை அவள் அப்பா வந்து மலைக்கு அழைத்துப் போனார். பஸ்ஸில் ஏற்றும்போது அவர் எனக்கு இரு கையாலும் கும்பிடு போட்டார். "நீங்க ஐஸெல்லாம் வெச்சுப் பாத்தீங்கன்னு புள்ள சொல்லுச்சுங்க."

அவள் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? இந்தக் கேள்வி என்னைப் பிடித்தது. பயமா? மரியாதையா? அல்லது எப்போதாவது பயன்படுத்திக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறாளா? ஆமாம், பதினைந்து வயதுப் பிள்ளையை அப்படியும் சந்தேகித்தேன். என் சந்தேகத்துக்கு வெட்கம் கிடையாது.

சில ஆண்டுகள் கழிந்தன. அண்மையில் ஒருநாள் சித்தேரி பஸ்ஸில் ஏறினேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன்.

உண்ணாமலை வீட்டுக்கு முன்னால் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு குழந்தை தவழ்ந்தது. என்னைக் கண்டதும் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். எழுகையில் அந்தக் காலில் கையை ஊன்றித்தான் எழுந்தாள். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"ஏத்தத்துக்கு ஒண்ணும் தெரியறதில்லீங்க டீச்சர். எறக்கத்துலதான் இழுக்குது."

நான் ஒத்திகை பார்த்து வந்த வரிசையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். ஓடவிட்டது தப்பு, பாம்பு என்று கத்தியது தப்பு, மிதித்தது தப்பு, ஆயா மேல் பழி போட்டது எல்லாவற்றையும்விடத் தப்பு. அவள் குழந்தையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நீ ஏன் அன்னைக்குச் சொல்லலை?" என்றேன்.

"நீங்க சொல்லாதேன்னீங்க." சற்று நிறுத்தினாள். "அதோட, அடுத்த வருசமும் ஆளெடுப்பாங்கன்னாங்க. கால் சரியாச்சுன்னா நீங்க வந்து கூப்புடுவீங்கன்னு நெனச்சேன். உங்களக் காட்டிக்குடுத்துட்டா அப்பறம் யாருங்க கூப்புடுவாங்க?"

நான் முறத்திலிருந்து சிதறிய சாமையைக் கூட்டி அள்ளினேன்.

"சரி வுடுங்க, என் காலு போனது போச்சு. ஆயாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

அவள் முகம் மாறியது. கோபம் என்று சொல்லமுடியாது. கணக்கில் ஏதோ உதைக்கிறதே என்று பார்க்கிறவளின் முகம்.

"அப்ப எங்கிட்ட ஏன் மொதல்ல வந்தீங்க?"

உங்களுக்கு விடை தெரிந்திருக்கும். எனக்கும் தெரியும். இவள் மன்னித்துவிடுவாள், அதனால்தான். எந்தக் கதவு தள்ளினால் திறக்குமோ அந்தக் கதவைத்தான் தட்டப் போயிருந்தேன்.

அவள் டீ போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். மாலை பஸ்ஸில் மலையிறங்கினேன்.

அடிவாரத்தில் மாதம்மாளின் ஊர். பஸ் நின்றது. "எறங்கறவங்க சட்டுனு எறங்குங்க!" என்றார் கண்டக்டர். நான் இருக்கையிலிருந்து எழுந்தேன். நிசமாகவே எழுந்தேன்! எனக்குப் பின்னால் கோழிக்கூடையோடு ஒரு பெண், "கொஞ்சம் வழி வுடுங்கம்மா" என்றாள். வழி விட்டேன். அவள் இறங்கினாள். நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது உங்களிடம் எழுதிச் சொல்லியிருக்கிறேன். துணிச்சல்காரி என்று யாரேனும் நினைத்தால், தயவுசெய்து நினைக்காதீர்கள். நீங்கள் எனக்கு முன்பின் தெரியாதவர்கள். படித்தவர்கள். இரக்கப்படுவீர்கள்.

மாதம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.